தேய்ந்த பழங்காசு அசலா, போலியா? ஐந்து வழிகளும் அவற்றின் செலவும்

பழங்காசோடு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று விதமாகப் பேச்சை ஆரம்பிப்பார்கள். தாத்தா பெட்டியில் இருந்தது என்பார்கள், ஆற்று மணலில் கிடைத்தது என்பார்கள், கண்காட்சியில் வாங்கினேன் என்பார்கள். அப்புறம் உள்ளங்கையைத் திறந்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செம்புத் துண்டு இருக்கும். உருவம் மழுங்கி, எழுத்து பாதி அழிந்து, விளிம்பு நைந்து போயிருக்கும். "இது அசலா, டூப்ளிகேட்டா? எங்கே கொண்டுபோய்க் காட்டலாம்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிவதில்லை. இரண்டாவதற்குச் சொல்லலாம். ஐந்து வழிகள் இருக்கின்றன: வீட்டிலேயே சோதிப்பது, அனுபவமுள்ள சேகரிப்பாளரிடம் காட்டுவது, ஹால்மார்க் மையத்துக் கருவியில் வைத்துப் பார்ப்பது, தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புவது, அருங்காட்சியகத்தையோ தொல்லியல் துறையையோ அணுகுவது. நான் இருபது வருடமாகச் செம்புக் காசும் வெள்ளிக் காசும் சேர்க்கிறேன். ஐந்து வாசலிலும் நின்றிருக்கிறேன். எந்தக் காசுக்கு எந்த வாசல் என்று தெரியாமல் அலைந்தால் பணமும் போகும், சில சமயம் காசும் கெடும்.

தேய்ந்த காசு மட்டும் ஏன் இவ்வளவு குழப்புகிறது? தேயாத காசில் அச்சின் கூர்மையே சாட்சி சொல்லும். தேய்ந்ததில் அந்தச் சாட்சி இல்லை. போலி செய்கிறவருக்கும் இது தெரியும். விவரம் அழிந்திருந்தால் அவர் செய்த தவறும் சேர்ந்தே அழிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற போலி நாணயக்காரர் இருந்தார். புதிதாக அச்சடித்த கிரேக்க, ரோமானியக் காசுகளை இரும்புத் தூளோடு ஒரு பெட்டியில் போட்டுத் தன் குதிரை வண்டியில் பொருத்தி ஊர் சுற்றுவார். வண்டி குலுங்கக் குலுங்கக் காசுக்கு வயதாகும். செயற்கைத் தேய்மானம் அன்றைக்கே ஒரு கைத்தொழிலாக இருந்திருக்கிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, அந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? உலோகம் என்ன, எப்படிச் செய்தார்கள், எந்தக் காலம் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கிற தவறு.

இரண்டாவது, காசுக்குச் சேதம் வருமா? மூன்றாவது, செலவு. கட்டணம் மட்டும் செலவு இல்லை, போக்குவரத்து, காத்திருப்பு, காசு தொலைகிற அபாயம் எல்லாம் அதில் சேரும். நான்காவது, அந்தப் பதிலை யார் ஏற்பார்கள்? உங்கள் மனத் திருப்திக்கா, விற்பதற்கா, ஆய்வுக்கா என்பதைப் பொறுத்து இது மாறும். ஐந்தாவது, சட்டம். இதைப் பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

இவற்றோடு, "போலி" என்கிற சொல்லையும் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். இப்போது அச்சில் வார்த்து விற்பது ஒரு வகை. அசலான, ஆனால் முழுக்கத் தேய்ந்த காசில் புதிதாக எழுத்தையோ உருவத்தையோ செதுக்கி விலை ஏற்றுவது இன்னொரு வகை. அதில் உலோகமும் வயதும் உண்மை, எழுத்துதான் பொய். மூன்றாவது, அந்தக் காலத்துக் கள்ளக்காசு. ரோமானிய வெள்ளிக் காசுகளில் உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று அன்றே செய்தவை உண்டு. ரோமானியப் பொற்காசைப் பார்த்துத் தென்னிந்தியாவிலேயே செய்த பாவனைக் காசுகளும், பிற்கால ரோமானியச் சிறு செம்புக் காசைப் பார்த்து இலங்கையில் செய்தவையும் உண்டு. இவற்றைப் போலி என்று தூக்கிப் போட்டால் வரலாற்றையே தூக்கிப் போட்ட மாதிரி. நான்காவது வகையில் அசல் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று வருகிறதே, அது. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே கிடையாது. அதை எந்த வழியிலும் சோதிக்க வேண்டாம். அரிசியை இழுக்கும், சக்தி உண்டு என்று யாராவது லட்சக்கணக்கில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

## வீட்டிலேயே பார்ப்பது

தேவையான சாமான்: 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், மேசை விளக்கு.

முதலில் காந்தம். செம்பு, வெள்ளி, தங்கம், ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஒட்டவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது.

அடுத்து எடை. தேய்ந்த காசு எடை குறையும், அதிகமாகாது. வெள்ளி முத்திரை நாணயம், அதாவது வெள்ளித் துண்டில் சிறு சின்னங்களைத் தனித்தனியாகக் குத்திச் செய்த மிகப் பழைய இந்தியக் காசு, ஏறக்குறைய 3.4 கிராம். அகஸ்டஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசு ஏறக்குறைய 3.9 கிராம். நன்றாகத் தேய்ந்திருக்கிற ஒரு காசு இந்த அளவைத் தாண்டி நின்றால் கேள்வி கேளுங்கள். செம்பில் இந்த விதியை இறுக்கிப் பிடிக்க முடியாது. முதலாம் ராஜராஜனின் செம்புக் காசு நான்கு கிராமை ஒட்டி இருக்கும், ஆனால் அன்றே அரை கிராம் முன்னேபின்னே போட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கும் தங்கத்துக்கும் தண்ணீர்ச் சோதனை அருமையான வழி. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 3.3 கிராம் வெள்ளிக் காசு 0.32 காட்டும். அதே எடையில் ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) என்றால் 0.38. ஏழே முக்கால் கிராம் ரோமானியப் பொற்காசு 0.40 காட்ட வேண்டும், முலாம் பூசிய பித்தளை 0.90க்கு மேல் போய்விடும். காசைக் கீறாமல் இவ்வளவு தெளிவான பதில் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் செம்பையும் பித்தளையையும் இதில் பிரிக்க முடியாது. நான்கு கிராம் காசில் ஒன்று 0.45, இன்னொன்று 0.47. நூலில் ஒட்டும் ஒரு காற்றுக் குமிழியே அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். அரித்துப்போய் உள்ளே பொத்தல் விழுந்த அசல் காசும் குறைந்த அடர்த்தியே காட்டும்.

அப்புறம் கண். விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல், காசுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்கு இறக்கி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் தட்டையாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து ஒரு கை, ஒரு வில் வளைவு, எழுத்தின் கால் எழும்பி வரும். இப்போது தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடம் முதலில் போகும்: தோள், முழங்கால், மூக்கு. பள்ளத்தில், எழுத்தின் கக்கத்தில், பழைய தோல் மிஞ்சியிருக்கும். உருட்டித் தேய்த்த போலியில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கி, வாயில் போட்டுக் கரைத்த மிட்டாய் மாதிரி வழவழவென்று இருக்கும்.

அதற்குப் பிறகு விளிம்பு. உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பரப்பில் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குழிகள் தெரியும். அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்த காசில் அடிவாங்கி விரிந்த வெடிப்பு விளிம்பில் இருக்கும். ஆனால் வார்ப்புக் கோடு இருந்தாலே போலி என்று முடிவு கட்டாதீர்கள். வட இந்தியாவின் எழுத்தில்லாத வார்ப்புச் செம்புக் காசுகள் வார்த்துச் செய்த அசல்கள்தான். தஞ்சாவூர் வட்டாரத்தில் கிடைத்த, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுகளும் அப்படித்தான். எந்தக் காசை எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், வீட்டுச் சோதனையின் பெரிய ஓட்டையே இதுதான்.

களிம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஞ்சில் சுத்தமான அசிட்டோன் நனைத்து ஒத்திப் பாருங்கள். பச்சை நிறம் பஞ்சில் இறங்கினால் அது பூசிய சாயம். மண்ணில் பல நூறு வருடம் கிடந்து உலோகத்திலிருந்தே வளர்ந்த களிம்பு கெட்டியாக இருக்கும், அசிட்டோனில் கரையாது. அதே சமயம் களிம்பே இல்லாததைக் கண்டும் பயப்பட வேண்டாம். கரூர் அமராவதியிலும் வைகையிலும் மணலில் உருண்ட காசுகள் களிம்பில்லாமல், பழுப்பாகவோ கருத்தோ, தண்ணீர் மெருகேற்றிய மாதிரி வரும். ஆற்றுக் காசைப் பார்த்துப் பழகாதவர்கள் அதைப் புதுசு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டு விஷயம் கண்டிப்பாக வேண்டாம். ஒன்று, சுண்டிப் பார்ப்பது, கல்லில் போட்டு ஓசை கேட்பது. மண்ணில் கிடந்த பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் பதத்தில் இருக்கும், இரண்டாகப் போய்விடும். இன்னொன்று, விளக்குவது. ஒருமுறை அத்தை வீட்டில் பழைய காசு டப்பா ஒன்று இருப்பதாகச் சொல்லி அழைத்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள், வருகிறவன் நன்றாகப் பார்க்கட்டும் என்ற அன்பில், பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்து எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். பளபளவென்று முப்பது செம்பு வில்லைகள். அதில் நான்கைந்து மிகப் பழையவை என்று அளவையும் கனத்தையும் வைத்து இன்றும் நினைக்கிறேன். நிரூபிக்க அவற்றின் மேல் எதுவும் மிஞ்சவில்லை. வீட்டுச் சோதனையின் மறைந்திருக்கும் செலவு இதுதான்: தராசுக்குக் கொடுக்கும் பணம் ஒரு பெரிய தொகையே இல்லை, அவசரக் கை அழித்துவிடும் சாட்சியைத் திரும்ப வாங்க முடியாது.

எப்போது இது போதும்? சில நூறு ரூபாய்க்கு மேல் போகாத, பரவலாகக் கிடைக்கும் காசுக்கு இதுவே போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

## அனுபவமுள்ள சேகரிப்பாளரிடம் காட்டுவது

என்னைக் கேட்டால், தேய்ந்த காசுக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. காரணத்தை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் ஒரு விற்பனையாளரிடம் ராஜராஜன் செம்புக் காசு பத்து வாங்கினேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் அதன் கையருகே நாகரியில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற எழுத்தும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிற காசு என்பதால், யார் மெனக்கெட்டுப் போலி செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். எடை சரி, காந்தம் சரி, களிம்பும் கரையவில்லை. ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றொன்றாகப் பார்க்கவே இல்லை. பத்தையும் ஒரே பக்கம் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கினார். லென்ஸை ஓட்டிக்கொண்டே போய் இரண்டை மட்டும் தனியே நகர்த்தினார். "இந்த ரெண்டுலயும் காலுக்குக் கீழே பாருங்க தம்பி" என்றார். நிற்கும் உருவத்தின் பாதத்துக்குக் கீழே, நகக்கண் அளவு ஒரு கீறல். இரண்டிலும் அதே இடம், அதே சாய்வு, அதே நீளம். விளிம்பில் ஒரு சின்ன உடைப்பு, அதுவும் இரண்டிலும் அதே இடத்தில்.

ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசில் உருவம் ஒத்துப்போகும், அச்சில் இருந்த குறையும் ஒத்துப்போகும். ஆனால் அடித்த பிறகு கைமாறிப் பட்ட கீறலும் விளிம்பு உடைப்பும் ஒத்துப்போகவே முடியாது. ஒத்துப்போனால் இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து வார்த்த பிள்ளைகள். நான் வீட்டில் செய்த எந்தச் சோதனையும் இதைக் காட்டியிருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு காசையும் நான் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் பார்த்த கண் எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

செதுக்கிய எழுத்தைப் பிடிப்பதும் இந்தக் கண்தான். சங்ககாலப் பாண்டியர், சேரர் காசுகளில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இருந்தால் விலை பல மடங்கு ஏறும். "பெருவழுதி" என்று எழுதிய பாண்டியர் காசு, "மாக்கோதை", "குட்டுவன் கோதை" என்று எழுதிய சேரர் வெள்ளிக் காசுகள் எல்லாம் வரலாற்றுக்கே முக்கியமானவை. எழுத்தில்லாத, தேய்ந்த அசல் செம்பில் புதிதாக எழுத்து வெட்டும் ஆசை இங்கேதான் வருகிறது. அச்சடித்த எழுத்து பரப்பிலிருந்து மேலே எழும்பி நிற்கும். செதுக்கியவர் எழுத்தை எழுப்ப வேண்டுமானால் சுற்றியுள்ள தளத்தைக் குடைந்து தாழ்த்த வேண்டும். அந்தக் குடைந்த இடத்தில் மட்டும் களிம்பு இருக்காது, அல்லது வேறு நிறத்தில் இருக்கும். அரசன் தேய்ந்து போயிருக்க எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் நம்பாதீர்கள்.

இந்த வழிக்கும் மறைந்திருக்கும் செலவு உண்டு. காசை விற்றவரிடமே கேட்கக் கூடாது, வாங்க ஆசைப்படுபவரிடமும் கேட்கக் கூடாது. இருவருக்கும் பதிலில் பங்கு இருக்கிறது. "போலிதான், சும்மா நூறு ரூபாய்க்குத் தாங்க, வச்சுக்கறேன்" என்று யாராவது சொன்னால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போங்கள். காட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் விளிம்பும் படமெடுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படுவதற்காக இல்லை, பத்துக் காசு கலந்து கிடக்கும் மேசையில் உங்களுடையது எது என்று நீங்களே தடுமாறக் கூடாது அல்லவா. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகளும், மாவட்டத் தலைநகரங்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளும் இப்படிப்பட்டவர்களைச் சந்திக்க நல்ல இடங்கள்.

இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரிடமும் "ஏன்?" என்று கேளுங்கள். நல்ல பதில் காசில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டும்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பது இதன் பாதி வடிவம். இரண்டு பக்கமும் பக்கவாட்டு வெளிச்சத்தில், விளிம்பு தனியாக, எடை கிராமில், குறுக்களவு மில்லிமீட்டரில் அனுப்பினால் ஓரளவு பதில் கிடைக்கும். அப்போதும் "போலி" என்ற பதிலை நம்பலாம், "அசல்" என்ற பதிலை முழுக்க நம்ப வேண்டாம். படத்தில் குறையைக் காட்ட முடியும், குறையே இல்லை என்று காட்ட முடியாது.

## ஹால்மார்க் மையத்தின் எக்ஸ்ரே கருவி

நகையின் தரம் பார்க்கும் மையங்களில் எக்ஸ்ஆர்எஃப் என்ற கருவி இருக்கிறது. காசைக் கீறாமல், சில நிமிடத்தில், எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்த தாளில் கொடுத்துவிடும். தாளில் எண்கள் இருப்பதால் எல்லோருக்கும் இதன்மேல் தனி மரியாதை. இங்கேதான் எச்சரிக்கை தேவை.

கருவி உலோகத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. தேய்ந்த, விலை போகாத பழங்காசுகளை உருக்கி அரிய காசாக அடித்தால் கருவியின் கண்ணில் அது பழங்கால உலோகம்தான். தவிர, அது பார்ப்பது மேல்தோலை மட்டும். மண்ணில் கிடந்த வெள்ளிக் காசில் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து போய்விடும், அதனால் உள்ளே இருப்பதைவிட மேலே வெள்ளி அதிகமாகத் தெரியும். உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று செய்த அந்தக் காலக் கள்ளக்காசும் தகடு கனமாக இருந்தால் வெள்ளி என்றே வரும். தண்ணீர்ச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும், கருவி காட்டிக்கொடுக்காது.

எண்களைப் படிக்கவும் தெரிய வேண்டும். பழங்கால வெள்ளியில் துளித் தங்கமும் ஈயமும் இருக்கும், அன்றைய சுத்திகரிப்பு முறை அப்படி. இவை எதுவுமில்லாத சுத்த வெள்ளி என்று வந்தால் இப்போதைய வெள்ளியோ என்று சந்தேகப்படலாம். அலுமினியம் 1825இல்தான் தனி உலோகமாகப் பிரிக்கப்பட்டது, ஆகவே அலுமினியம் வந்தால் போலி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் களிமண்ணிலேயே அலுமினியம் இருக்கிறது, காசின் பள்ளத்தில் ஒட்டிய மண்ணே அந்த எண்ணைக் கொடுக்கும். நிக்கலும் அப்படித்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாக்ட்ரியாவை (இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தான் பகுதி) ஆண்ட கிரேக்க அரசர்கள் சிலர் செம்பும் நிக்கலும் கலந்த காசு வெளியிட்டிருக்கிறார்கள். ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நகைக்காகச் சரிபார்த்து வைத்த கருவி என்பதால் செம்புக் காசுக்குச் சில மையங்கள் மறுத்துவிடும், செய்தாலும் சின்ன அளவுகளில் பிசகு வரும். "கொஞ்சம் உரசிப் பார்க்கவா?" என்று உரைகல்லை எடுத்தால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உருக்கிப் பார்க்கும் சோதனை பக்கமே போகாதீர்கள்.

தங்கக் காசும் நல்ல வெள்ளிக் காசும் இருந்தால் இது பயனுள்ள இரண்டாம் கருத்து. செம்புக்கு நான் போக மாட்டேன்.

## தரச்சான்று அட்டை

காசைப் பரிசோதித்து, பெயரும் தரமும் அச்சடித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தரும் நிறுவனங்கள் இந்தியாவிலும் வந்துவிட்டன. விற்பதற்கு உதவும், முகம் தெரியாதவர் வாங்கும்போது நம்பிக்கை தரும். ஆனால் தேய்ந்த காசுக்குத் தரம் என்று வருவது கீழ்ப்படிதான், விலை ஏறுவது கட்டணத்துக்கே காணாது. தபால், காப்பீடு, மாதக்கணக்கில் காத்திருப்பு வேறு. பெட்டிக்குள் போய்விட்டால் விளிம்பைச் சுற்றிப் பார்க்க முடியாது, எடையும் போட முடியாது. வார்ப்பைக் கண்டுபிடிக்க நாம் நம்பியிருப்பதே அந்த இரண்டையும்தான். அட்டையையே போலியாகச் செய்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. சோதனைக்குத்தானே, திரும்பி வந்துவிடுமே என்ற சமாதானம் சட்டத்துக்கு முன் நிற்காது.

## அருங்காட்சியகமும் தொல்லியல் துறையும்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுதி இருக்கிறது, மாவட்டங்களிலும் அரசு அருங்காட்சியகங்களும் காப்பாட்சியர்களும் இருக்கிறார்கள். எந்த அரசன், எந்தக் காலம், எங்கெங்கே கிடைத்திருக்கிறது என்பதற்கு இவர்களைப் போலச் சொல்ல ஆளில்லை. விலை சொல்வது இவர்கள் வேலை இல்லை, விற்பனைக்குச் சான்று எழுதிக் கொடுப்பதை எதிர்பார்க்கவும் கூடாது. இன்னொருவர் வேலை நேரத்தில் போகிறோம் என்ற நினைப்போடு, கடிதமோ தொலைபேசியோ செய்துவிட்டுப் போனால் நன்றாகப் பேசுவார்கள்.

மண்ணில் கிடைத்த காசு என்றால் கணக்கே வேறு. அங்கே இது ஒரு விருப்பம் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய சட்டம், ஆனால் நடைமுறையில் உள்ள சட்டம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

"சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள்" என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு இருந்தது. அதில் ஒன்றே ஒன்று தனியாக ஒருவர் கைக்கு வந்திருந்தால், யாரோ தங்கமா என்று வெட்டிப் பார்த்திருக்கிறார்கள், அல்லது போலி என்று வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்போம். கூட்டமாகப் பதிவானதால், அந்தக் காசுகளை வேண்டுமென்றே செல்லாததாக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்க முடிந்தது. கிடைத்த இடமும் கூடக் கிடைத்தவையும் தெரிந்த தேய்ந்த காசு, எதுவும் தெரியாத புத்தம்புதுக் காசைவிடப் பல மடங்கு பேசும்.

## ஒரு பார்வையில்

| வழி | எதைச் சொல்லும் | எதைச் சொல்லாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| வீட்டுச் சோதனை | எடை, அடர்த்தி, பூசிய சாயம், மோசமான வார்ப்பு | காலம், நல்ல போலி | அவசரத்தில் விளக்கிக் கெடுப்பது |
| சேகரிப்பாளர் | செய்த முறை, ஒப்பீடு, செதுக்கிய எழுத்து | கலவையின் சதவீதம் | அவருக்கும் அந்தக் காசில் ஆசை இருந்தால் |
| எக்ஸ்ரே கருவி | மேல்தோலின் உலோகம் | வயது, உள்ளே இருப்பது | எண்களைத் தவறாகப் படிப்பது |
| தரச்சான்று | விற்பனைக்கு ஏற்ற பெயரும் தரமும் | விளிம்பு கண்ணுக்குத் தெரியாது | தபால், காத்திருப்பு, கட்டணம் |
| அருங்காட்சியகம், தொல்லியல் துறை | அரசன், காலம், வரலாறு | சந்தை விலை | நேரம், அலைச்சல் |

## எந்தக் காசுக்கு எது

கண்காட்சியில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய சோழர் செம்புக் காசோ, தேய்ந்து உருவமே தெரியாத சிறு ரோமானியச் செம்புக் காசோ என்றால் வீட்டுச் சோதனையோடு நிறுத்துங்கள். அடுத்த கண்காட்சியில் நாலு பேரிடம் காட்டுங்கள், அதுவே போதும்.

வெள்ளி முத்திரை நாணயம் என்றால் முதலில் தண்ணீர்ச் சோதனை, அடுத்து சேகரிப்பாளர். இரண்டும் முரண்பட்டால் மட்டும் எக்ஸ்ரே கருவி.

எழுத்துள்ள சங்ககாலக் காசு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு சேகரிப்பாளர்களின் கண்ணில் பட வேண்டும். "இன்றே எடுக்காவிட்டால் போய்விடும்" என்றால் போகட்டும். அசலாக இருந்து கைநழுவினால் வருத்தம் ஒரு மாதம் இருக்கும், செதுக்கிய எழுத்தை அலமாரியில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இருக்கும். விற்பவரிடம் தொல்பொருள் விற்பதற்கான உரிமம் இருக்கிறதா, திருப்பி எடுத்துக்கொள்வதாக ரசீதில் எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள்.

தங்கம் என்றால் எல்லா வழியும் செல்லும், செலவும் தகும். வயலிலோ வாய்க்காலிலோ கிடைத்தது என்றால், முதலில் கிடைத்த இடத்தைக் குறித்துவிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

தாத்தா பெட்டிக் காசுக்கு என் பதில் கொஞ்சம் வேறு. விற்கும் எண்ணம் இல்லையென்றால் அசலா போலியா என்பதை அவசரமாகத் தீர்க்க வேண்டியதில்லை. கழுவாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக் காலப்போக்கில் காசின் மேல் பச்சைப் பிசினாக இறங்கும். வெளிர்பச்சைப் பொடி உதிர்கிற காசு இருந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், செம்பை அரிக்கும் நோய் அது. உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: யாருடையது, எந்த ஊர், எந்தப் பெட்டியில் இருந்தது, எடை எவ்வளவு, கூட வேறு என்னென்ன இருந்தன. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். காசை எப்போது வேண்டுமானாலும் லென்ஸில் பார்க்கலாம்.